லைட் எரிந்தால் போதுமா?

இந்த முறை கேம்பர் வானைப் பற்றி எழுதப் போகிறேன். “எங்களிட்ட வானே இல்லை” என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். கோவிட்டுக்குப் பிறகு எங்களுடைய ஆட்களில் எத்தனை பேர் வான் வாங்கியிருக்கிறார்கள், எத்தனை பேர் பள்ளி விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வான் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் பிளக் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். அது போதும்.

போன ஆகஸ்ட் கடைசி, பாங்க் ஹொலிடே வாரம். டோர்செட் கடற்கரைப் பக்கம் நான்கு நாள். நாங்கள் இருவரும், எட்டு வயது மகளும், ஐந்து வயது மகனும். மூன்றாம் நாள் காலை சைட்டுக்குள்ளேயே இடம் மாற வேண்டியிருந்தது. நாங்கள் நின்ற இடத்தை அன்றிலிருந்து வேறு ஒருவர் புக் பண்ணியிருந்தார், எங்களுக்கு அடுத்த வரிசையில் ஓர் இடம். ஐம்பது மீட்டர்கூட இல்லை. பிழை நடந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். லண்டனுக்குத் திரும்பி வெளிக்கிட்டிருந்தால் வானைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்திருப்பேன். ஐம்பது மீட்டருக்கு யார் பார்ப்பது?

ஹாண்ட்பிரேக்கை விட்டு மெதுவாக எடுத்தேன். கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும். பின்பக்கம் “டக்” என்று ஒரு சத்தம். வெளியே மேசையை மடித்துக்கொண்டு நின்ற மனைவி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ! வயர்!”

கரண்ட் வயரைக் கழற்றாமல் வானை எடுத்துவிட்டேன். சைட்டில் இருக்கும் கரண்ட் கம்பத்தில் பிளக்கைச் செருகித் திருப்பினால் அது பூட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது. ஆகவே வான் பக்கம்தான் விட்டுக்கொடுத்தது. வானின் உடம்பில் பதித்திருக்கும் இன்லெட்டின் மூடி உடைந்து தொங்கியது. சட்டத்தில் ஒரு பெரிய வெடிப்பு. நான்கு ஸ்க்ரூ ஆணிகளில் இரண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. பக்கத்து கேரவனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தா வந்து பார்த்துவிட்டு, எல்லாரும் ஒருமுறை செய்கிறதுதான் என்று ஆறுதல் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? உங்களில் பலர் செய்வதைத்தான். இன்லெட்டை உள்ளே தள்ளி, சுற்றிவரக் கறுப்பு டேப் ஒட்டினேன். புது இடத்தில் திரும்பவும் வயரைச் செருகினேன். லைட் எரிந்தது. ஃபிரிட்ஜ் முனகத் தொடங்கியது. போன் சார்ஜ் ஏறியது.

“பாதுகாப்பா இருக்குமா?” என்று மனைவி கேட்டாள்.

வானுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து ஆர்.சி.டி.யில், அதாவது ஊரில் நாங்கள் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வதில், டெஸ்ட் பட்டனை அமத்தினேன். “டக்” என்று விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டேன்.

“பாரும், வேலை செய்யுது. டெஸ்ட் பண்ணியாச்சு.”

அன்று இரவு மழை. மறுநாள் காலை புல் முழுக்க ஈரம். சின்னவன் சப்பாத்துப் போட மாட்டான். வெறுங்காலோடு ஓடி வந்து, வானின் சறுக்குக் கதவுக் கைபிடியைப் பிடித்துத் தொங்கித்தான் உள்ளே ஏறுவான். அன்றைக்கும் பத்துத் தரமாவது ஏறி இறங்கியிருப்பான். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நீலப் பிளக்

கதையைத் தொடர முன்பு இந்தச் சாமானைக் கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன்.

இதற்கு ‘ஷோர் பவர்’ என்ற பெயர் கப்பலில் இருந்து வந்தது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பல் தன்னுடைய எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கரண்ட் எடுப்பதுதான் ஷோர் பவர். அமெரிக்காவில் வானுக்கும் இதே பெயரைச் சொல்வார்கள். பிரிட்டனில் ‘ஹூக்-அப்’ என்று கேட்டால்தான் சைட் ஒபிஸில் உடனே விளங்கும்.

பிளக்கின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மஞ்சள் நிறத்தில் பார்த்திருப்பீர்கள், அது 110 வோல்ட். சிவப்பு 400 வோல்ட், பெரிய மெஷின்களுக்கு. நீலம் 230 வோல்ட், வீட்டுக் கரண்டைப் போன்றது. வானுக்கு வருவது 16 அம்பியர் நீலம். மூன்று ஊசி: லைவ், நியூட்ரல், எர்த்.

ஊசிகள் வான் பக்கத்தில் இருக்கும், அதில் செருகும் வயரின் முனையில் துளைகள் இருக்கும். இது தற்செயல் இல்லை. கரண்ட் வருவது வயரில் இருந்து. வயரின் முனை தவறி ஈரப் புல்லில் விழுந்தாலும் கரண்ட் உள்ள உலோகம் வெளியே தெரியக் கூடாது. அதனால்தான் அந்தப் பக்கத்தைத் துளையாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மூன்று ஊசிகளில் எர்த் ஊசி மட்டும் தடிப்பாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், கழற்றும்போது எர்த் கடைசியாக விட வேண்டும் என்பதற்காக அப்படி. உங்கள் வீட்டு 13 அம்பியர் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலும் மேலே உள்ள எர்த் ஊசிதான் நீளம். பிள்ளைகளுக்குக் காட்டி, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் “பலன்ஸுக்கு” என்றாள்.

சனிக்கிழமை காலை

லண்டன் வந்ததும் புது இன்லெட் ஒன்று ஓடர் பண்ணினேன். இருபது பவுண்டும் ஆகவில்லை. யூடியூபில் மூன்று வீடியோ பார்த்தேன். மூன்று வயர், நான்கு ஸ்க்ரூ. அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீசியன் அண்ணை ஒருவர் இருக்கிறார். எந்த நிறம் எங்கே என்று உறுதிப்படுத்த, உடைந்த இன்லெட்டைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் கோல் வந்தது.

“தம்பி, இதை இப்பிடியே பாவிச்சனீயோ?”

“ஒரு இரவு மட்டும், அண்ணை. எல்லாம் வேலை செய்தது.”

“இனி ஒண்டிலயும் செருகாதை. சனிக்கிழமை வாறன்.”

சனிக்கிழமை அப்பாவும் வந்திருந்தார். அண்ணை வர முன்பே வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் டேப் வேலையைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் சுத்தியிருக்கிறாய்” என்றார். அப்பாவிடமிருந்து பாராட்டு வாங்குவது லேசான காரியம் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணை வந்ததும் முதலில் ஒன்றுமே கழற்றவில்லை. ஹூக்-அப் வயர் எங்கே என்று கேட்டு, அது எதிலும் செருகியில்லை என்று கண்ணால் பார்த்தார். பிறகு, “இன்வேர்ட்டர் ஏதும் இருக்கோ?” என்று கேட்டார். சில வான்களில் பட்டரியில் இருந்து 230 வோல்ட் செய்யும் இன்வேர்ட்டர் இருக்கும். வெளி வயரைக் கழற்றியிருந்தாலும் உள்ளே கரண்ட் இருக்கலாம். யூடியூபில் நான் பார்த்த மூன்று வீடியோவில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. எங்கள் வானில் இன்வேர்ட்டர் இல்லை. இருந்தாலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

டேப்பை உரித்து, மிச்ச இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, இன்லெட்டை வெளியே இழுத்துத் திருப்பினார். பிரவுண் வயர் இடத்தில் இருந்தது. நீல வயர் இடத்தில் இருந்தது. பச்சை மஞ்சள் கோடு போட்ட வயர், அதுதான் எர்த், எதிலும் மாட்டாமல் தனியே நின்றது.

“டக் எண்டு இழுபட்டபோது கழண்டிருக்கும், என்ன?” என்றேன்.

அண்ணை டோர்ச் அடித்து அதன் நுனியைக் காட்டினார். “இப்ப இழுபட்டிருந்தா செம்பு மினுங்கும், தம்பி. இது கறுத்துப் போச்சு. இது எப்பவோ விட்டுட்டுது.”

வானை நாங்கள் வாங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. யாரோ ஒருவர் தன் கையால் கேம்பராக மாற்றிய பழைய வான். அந்த இரண்டு கோடையிலும் எத்தனை இரவு அதில் படுத்தோம் என்று நான் மனதில் எண்ணத் தொடங்கினேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சின்னவன் அந்தக் கதவிலதானே தொங்குறவன்?”

எர்த் என்ன வேலை செய்கிறது?

அப்பாவின் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான். எனக்கு அண்ணை விளங்கப்படுத்தியதை அப்படியே தருகிறேன்.

லைட் எரிவதற்கு லைவும் நியூட்ரலும் போதும். ஃபிரிட்ஜுக்கும் அப்படித்தான், போன் சார்ஜருக்கும் அப்படித்தான். எர்த் வயரில் சாதாரண நாளில் கரண்ட் ஓடுவதில்லை. ஆகவே அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஏதாவது ஒரு நாள், வானுக்குள் எங்கேயோ லைவ் வயரின் தோல் உரிந்து வானின் இரும்பு உடம்பில் முட்டுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால், கரண்ட் அந்த வழியாகப் பாய்ந்து ஓடும், ட்ரிப் சுவிட்ச் கண் மூடித் திறக்க முன்பு விழுந்துவிடும். யாரும் தொட முன்பே கரண்ட் போய்விடும். “ஏன் லைட் நிண்டது?” என்று எரிச்சல்படுவீர்கள், அவ்வளவுதான்.

எர்த் இல்லாவிட்டால்? வான் ரப்பர் டயரில் நிற்கிறது. கரண்ட் போக வழி இல்லை. ட்ரிப் சுவிட்ச் விழாது. வானின் உடம்பு முழுக்க, கதவு, கைபிடி எல்லாம், 230 வோல்ட்டோடு சத்தமில்லாமல் காத்துக்கொண்டு நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஒருவர் வந்து தொடும்போதுதான் நிலத்துக்குப் போக ஒரு வழி கிடைக்கும். அந்த வழி அவருடைய உடம்பு.

“அப்ப ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?” என்று நானும் கேட்டேன். இருக்கிறது. வானில் ஒன்று, சைட் கம்பத்தில் ஒன்று. 30 மில்லி அம்பியர் கசிந்தால் 0.3 செக்கனுக்குள் விழ வேண்டும் என்பது கணக்கு. அது நன்றாக வேலை செய்தால் உயிரைக் காப்பாற்றும். ஆனால் விழுவதற்கு முதலில் யாராவது அடி வாங்க வேண்டும். எர்த் இருக்கும்போது பிழையைக் கண்டுபிடிப்பது வயர். எர்த் இல்லாதபோது கண்டுபிடிப்பது பிள்ளையின் கை.

சரி, நான் பெருமையாக அமத்திக் காட்டிய டெஸ்ட் பட்டன்? அது ட்ரிப் சுவிட்சுக்கு உள்ளேயே சின்னதாக ஒரு கசிவை உண்டாக்கி, சுவிட்சின் பொறிமுறை விழுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. எர்த் வயர் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. எர்த்தே இல்லாத வானிலும் பட்டன் அழகாக விழும். எங்கள் வானில் விழுந்தது.

நான் வேலையில் தினமும் செய்வது இதுதான். ஒரு புரோகிராம் எழுதினால், அதைச் சோதிக்க டெஸ்ட் எழுதுவோம். எல்லா டெஸ்டும் பச்சை காட்டினாலும், எதைச் சோதிக்காமல் விட்டோம் என்று கேட்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். வானில் ஒரே ஒரு பட்டன் விழுந்ததும் போதும் என்று நித்திரைக்குப் போய்விட்டேன். அப்பா இதைக் கேட்டுவிட்டு, “உன்ர மாஸ்டர்ஸில இது படிப்பிக்கேல்லையோ?” என்றார். படிப்பித்தார்கள். அதுதான் வெட்கம்.

மாற்றிய விதம்

வேலையை நானும் அண்ணையும் சேர்ந்து செய்தோம். நான் செய்த பகுதி இது.

பழைய இன்லெட்டின் ஓட்டை அளவை எடுத்துப் பார்த்தோம், புதியது அதே அளவு. வெட்டு விளிம்பில் துரு பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, துருப்பிடிக்காத பெயின்ட் பூசிக் காய விட்டோம். வயர் இரும்பு ஓட்டை ஒன்றின் வழியாக உள்ளே போகிறது. அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் போடப்பட்டிருக்கவில்லை. இரண்டு வருடம் வான் ஆடி ஆடி, இரும்பு விளிம்பு வயரின் வெளித்தோலை உரசியிருந்தது. உள்ளே இருக்கும் வயர்கள் வரைக்கும் போகவில்லை, ஆனால் போய்க்கொண்டிருந்தது. எர்த் இல்லாத வானில் நான் மேலே சொன்ன “ஏதாவது ஒரு நாள்” அப்படித்தான் வந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் கொண்ட வளையக்கூடிய புது மூன்று கம்பி வயரை, ரப்பர் வளையத்துக்குள்ளால் இழுத்தோம்.

வயரின் நுனிகளை வெட்டும்போது அண்ணை சொன்னது: “எர்த்தை மற்ற ரெண்டையும்விட நீளமா விடு.” ஏன் என்றால், எப்போதாவது வயர் இழுபட்டால் லைவும் நியூட்ரலும் முதலில் கழல வேண்டும், எர்த் கடைசியாக. ஊசியின் நீளத்தில் இருக்கும் அதே யோசனைதான். எங்கள் வானை மாற்றியவர் எர்த்தைத்தான் எல்லாவற்றிலும் குட்டையாக வெட்டியிருந்தார். அது எப்போதும் இறுக்கமாக நின்று, ஆட்டத்தில் மெல்ல மெல்லக் கழன்றிருக்க வேண்டும்.

மெல்லிய இழைகள் பிரியாமல் இருக்க நுனிகளில் சின்ன உலோகக் குழாய் மாட்டி நசுக்கினோம். ஒவ்வொன்றையும் இடத்தில் வைத்து இறுக்கிய பிறகு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இழுத்துப் பார்த்தோம். வயரின் வெளித்தோலைப் பிடிக்கும் கிளிப்பையும் இறுக்கினோம், இழுவை அதில்தான் விழ வேண்டும், ஸ்க்ரூவில் இல்லை. பிறகு மேலேயும் இரண்டு பக்கமும் சீலன்ட் பூசி இன்லெட்டைப் பொருத்தினோம். கீழ் விளிம்பில் பூசவில்லை. எப்படியாவது உள்ளே போகும் தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும்.

இதுவரை நான் செய்தேன். இதற்குப் பிறகு நான் கை வைக்கவில்லை. அண்ணை தன் மெஷினை எடுத்தார். இன்லெட்டின் எர்த் ஊசியில் இருந்து வானின் இரும்பு உடம்பு வரை தொடர்பு இருக்கிறதா, ஒவ்வொரு சொக்கெட்டின் எர்த் வரைக்கும் இருக்கிறதா என்று பார்த்தார். 500 வோல்ட் கொடுத்து, வயர்களுக்கு இடையில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். அது 1 மெகாஓமுக்குக் கீழே வரக் கூடாது. லைவும் நியூட்ரலும் மாறவில்லை என்று பார்த்தார். கடைசியில் கரண்ட் கொடுத்து, ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது என்று அளந்தார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

என்னிடம் இருக்கும் மல்டிமீட்டரால் இதில் பாதியைக்கூடச் செய்ய முடியாது. மூன்று வயர், நான்கு ஸ்க்ரூ, அரை மணித்தியாலம் என்ற என் கணக்கில் இந்தத் தாள் இருக்கவில்லை. இன்லெட்டை மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. மாற்றியது சரியா என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

பிரிட்டனில் இதற்கு விதிகள் இருக்கின்றன. வயரிங் விதிப் புத்தகமான பி.எஸ். 7671 இன் 18 ஆவது பதிப்பு 2018 இல் வந்தது. அதில் 721 ஆவது பிரிவு முழுக்கக் கேரவன்களுக்கும் மோட்டர் கேரவன்களுக்கும்தான். இன்லெட் நிலத்தில் இருந்து 1.8 மீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது, இலகுவாகக் கை எட்ட வேண்டும், தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பழைய வான் வாங்கும்போது எம்.ஓ.டி. கேட்கிறோம், சேர்விஸ் புத்தகம் கேட்கிறோம். எம்.ஓ.டி.யில் இந்தக் கரண்டை யாரும் பார்ப்பதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது, அடிக்கடி பாவிப்பதென்றால் வருடம் ஒருமுறை, தெரிந்தவரைக் கொண்டு இதைச் சோதிக்க வேண்டும் என்பது பொதுவான ஆலோசனை. நான் வாங்கும்போது கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

6 வோல்ட்டும் 230 வோல்ட்டும்

அண்ணை போன பிறகு அப்பாவும் நானும் வான் படியில் இருந்து தேநீர் குடித்தோம்.

நான் ஏழு வயதில் லண்டன் வந்தவன். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. ஆகவே சுவிட்சைப் போட்டால் லைட் எரியும் வீட்டில் நான் அங்கே இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்குத்தான். இரவில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொடுத்து, பிபிசி தமிழோசை கேட்போம். வயர் அறுந்தால் பல்லால் தோலை உரித்து முறுக்கிவிடுவார். டேப் கிடைத்தால் டேப், இல்லாவிட்டால் துணி. அப்பாவின் அந்தக் கை வேலையை அதிசயமாகப் பார்த்து வளர்ந்தவன் நான். எதையும் எறியாமல், யாரையும் கேட்காமல், இருப்பதை வைத்துச் சமாளிப்பது எங்கள் வீட்டில் ஒரு கெட்டித்தனம். அன்று டோர்செட்டில் டேப் சுற்றியது அந்தக் கைதான்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ட். பிழையாக முறுக்கினால் ரேடியோ பாடாது, அவ்வளவுதான். அங்கே சமாளிக்கலாம். 230 இல் சமாளித்தால், சமாளித்தது சரியா பிழையா என்று கடைசி நிமிடம் வரைக்கும் தெரியாது. அப்பாவின் தலைமுறையில் நாங்கள் மதிக்கும் ஒரு நல்ல குணம், இடம் மாறியதும் ஆபத்தாக மாறிவிடுகிறது. இதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் அந்தக் குணத்தைப் பாவிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது இப்போது எங்கள் வேலை.

வானிலேயே அந்த எல்லைக்கோடு இருக்கிறது. பட்டரியில் ஓடும் லைட், யூ.எஸ்.பி., தண்ணீர்ப் பம்ப் எல்லாம் 12 வோல்ட். அதற்குச் சரியான ஃபியூஸ் இருந்தால், நானும் மகளும் அதில் கை வைக்கிறோம், பிழை விடுகிறோம், படிக்கிறோம். ஹூக்-அப் பக்கம் 230. அதில் வேலை செய்யலாம், ஆனால் மெஷினோடு வருகிற ஒருவர் சரி பார்க்காமல் ஒருவரும் அதில் படுக்கக் கூடாது. இப்போது எங்கள் வீட்டில் இதுதான் சட்டம்.

போகும் முன்பு

வான் வைத்திருப்பவர்களுக்கும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சில விஷயங்கள்.

செருகும்போது முதலில் வான் பக்கம், பிறகு கம்பம். கழற்றும்போது முதலில் கம்பம், பிறகு வான். அப்படிச் செய்தால் கரண்ட் உள்ள வயரின் முனை உங்கள் கையில் இருக்காது.

மிச்ச வயரை ரீலில் சுற்றிவைத்தபடி பாவிக்க வேண்டாம். சுற்றிய வயர் சூடாகி உருகும். முழுவதையும் விரித்துப் போடுங்கள்.

16 அம்பியர் என்றால் ஏறத்தாழ 3,680 வாட். பல சைட்டுகளில் 10 அம்பியர்தான் தருவார்கள், அது 2,300 வாட். வீட்டிலிருந்து கொண்டுபோகும் 3,000 வாட் கெட்டில் போட்டால் விழுந்துவிடும். அம்மா தந்துவிடும் ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் ஒன்றாகப் போட வேண்டாம்.

இன்லெட்டின் மூடியைத் திறந்து ஊசிகளைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தாலோ, பிளாஸ்டிக் பிரவுணாகக் கருகியிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, உடையவில்லை என்றாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பாரிஸ் சொந்தக்காரரைப் பார்க்க வானில் போகிறவர்களுக்கு ஒன்று. பிரான்ஸில் சில பழைய சைட்டுகளில் நீலப் பிளக் இருக்காது, இரண்டு ஊசி அடாப்டர் வேண்டும். அங்கே லைவும் நியூட்ரலும் மாறி வரலாம். எல்லாம் வேலை செய்யும், ஆனால் சுவிட்சை நிறுத்தினாலும் உள்ளே கரண்ட் நிற்காமல் இருக்கலாம். சொக்கெட்டில் செருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டர் ஒன்றை வைத்திருங்கள். அதில் எர்த் இல்லாவிட்டாலும் காட்டும். எங்கள் வானில் முதல் நாளே அதைச் செருகியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

வேலை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, தூரம் போகாமல் தென்கிழக்கு லண்டனில் அபி வுட் சைட்டில் ஒரு இரவு நின்று பார்த்தோம். கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப்பின் சைட் அது, மரங்களுக்கு நடுவில். அன்றும் மழை. சின்னவன் வழமைபோல வெறுங்காலோடு வந்து கதவில் தொங்கினான். நான் செருகிய டெஸ்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மனைவி, “போதும், அதைப் பாத்தது காணும், சாப்பிட வாங்கோ” என்றாள்.

காலையில் வெளிக்கிடும்போது ஸ்டியரிங்கில் ஒரு மட்டை தொங்கியது. மகளின் வேலை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்துச் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தாள்: “வயர் கலட்டியாச்சா?”

ழகரம் வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு இறங்கிப் போய் வயரைப் பார்த்தேன். கழற்றியிருந்தது. மட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது, எழுத்துப்பிழையோடு. வானை எடுக்கும்போதெல்லாம் அதை வாசித்துவிட்டு, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன், ஐம்பது மீட்டர் என்றாலும்.